ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு: இ16 சாலையா, 7ஆம் எண் சாலையா?

நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்குக் காரில் செல்வோர் பெரும்பாலும் இரண்டு சாலைகளுக்கிடையில்தான் தயங்குகிறார்கள்: லார்டால் வழியாகச் செல்லும் இ16, ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தைக் கடக்கும் 7ஆம் எண் சாலை. எங்கும் நிற்காமல் ஓட்டினால் இரண்டுமே ஏழெட்டு மணி நேரப் பயணம்தான் என்பதால், நேரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

மலையும் வெட்டவெளியும் போதுமென்றால் 7ஆம் எண் சாலையே சிறந்தது. மரமே இல்லாத மேட்டுநிலத்தில் 1,250 மீட்டர் உயரம்வரை ஏறிவிட்டு, 182 மீட்டர் விழும் வோரிங்ஸ்ஃபோசன் அருவியைத் தொட்டபடி எய்ட்ஃபியோர்டு என்னும் ஊருக்கு இறங்குகிறது. 2013இல் திறக்கப்பட்ட ஹார்டாங்கர் தொங்குபாலத்தின் இரு முனைகளும் நேராக மலைக்குள் நுழைகின்றன. சுரங்கத்துக்குள்ளேயே ரவுண்டானா இருப்பது புதிதாக வருபவரைத் திகைக்க வைக்கும். மே மாதத்தில் ஃபியோர்டின் (மலைகளுக்கிடையில் நுழையும் குறுகிய கடற்பகுதியின்) கரையோரத் தோட்டங்களில் ஆப்பிள் பூத்திருக்கும். ஆனால் பழைய ஊர் என்று நின்று பார்க்க வழியில் அதிகமில்லை.

அந்தக் குறையை இ16 தீர்க்கிறது. 1180ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட போர்குண்ட் மரத் தேவாலயம் தார் பூசிய கருமையோடும், கூரை முனைகளில் வாய் பிளந்த டிராகன் தலைகளோடும் சாலைக்கு அருகிலேயே நிற்கிறது. சற்றுத் தள்ளி லார்டால்சோய்ரியில் 18, 19ஆம் நூற்றாண்டு மரவீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. சிக்கல் அதன் பிறகுதான். 2000இல் திறக்கப்பட்ட 24.5 கிலோமீட்டர் லார்டால் சுரங்கத்தில், ஓட்டுநர் சோர்ந்துவிடாதிருக்க நீல விளக்கிட்ட மூன்று குகைகள் அமைத்திருக்கிறார்கள். பொறியியல் வியப்பு என்பதில் ஐயமில்லை, ஆனால் பார்க்க வந்த மலையையே அது மறைத்துவிடுகிறது. எனவே கோடையில் சுரங்கத்தைத் தவிர்த்து, அதன் மேலே செல்லும் 47 கிலோமீட்டர் அவுர்லாண்ட்ஸ்ஃபெல் சாலையில் ஏறுவதே முறை. பல இடங்களில் ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலம்; ஜூனிலும் ஓரங்களில் பனிச்சுவர் நிற்கும்; இறங்கும்போது, ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே நீளும் ஸ்டேகஸ்டைன் பார்வை மேடை வரும். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நாரோய்ஃபியோர்டு மட்டும் காரிலிருந்து கிடைக்காது. சாலை சுரங்கத்துக்குள் போய்விடுவதால், காரை ஃப்ளோம் என்னும் ஊரில் விட்டுவிட்டு குட்வாங்கனுக்குப் படகில் போய்ப் பேருந்தில் திரும்ப வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர்வரை எனது தேர்வு, அவுர்லாண்ட்ஸ்ஃபெல் சேர்த்த இ16தான். குளிர்காலத்தில் அந்த மலைச்சாலை மூடப்படும். 7ஆம் எண் சாலையிலோ பனிப்புயலின்போது பனி அகற்றும் வண்டியின் பின்னே வரிசையாகத்தான் செல்ல வேண்டும், சில நேரம் அதுவும் நிறுத்தப்படும். அப்போது சுரங்க வழியே நம்பகமானது.