லின்ட் ரிமூவர்: நாள்படப் புழங்கினால் தெரிவது

ஸ்வெட்டரிலும் டி-ஷர்ட்டிலும் உருண்டு நிற்கும் பிசிறை, துளையுள்ள வலைத்தகட்டுக்குப் பின்னால் சுழலும் பிளேடால் வழித்தெடுக்கும் கருவியான லின்ட் ரிமூவர், புதிதில் நன்றாகவே ஓடும். அதன் குறைகள் பல மாதம் புழங்கிய பிறகுதான் தெரியும்.

அக்குள், இடுப்பின் பக்கவாட்டு, பை தொங்கும் தோள் என உராய்வு விழும் இடங்களில் குட்டை இழைகள் வெளியே வந்து சுருண்டு உருண்டையாகும். தனிப் பருத்தியில் பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் கலந்தால் உதிராது. அந்த வலுவான இழை உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கருவி அதிகம் கைகொடுப்பது கலப்புத் துணிக்குத்தான். வெளுத்ததாகத் தோன்றும் கறுப்புச் சட்டையும், மேலெழும்பிய பிசிறை வழித்ததும் சற்று அடர்த்தியாகத் தெரியும். போன சாயம் மட்டும் திரும்பாது.

துவைத்து நன்றாகக் காய்ந்த துணியை மேசைமேல் சுருக்கமின்றி விரித்து, அழுத்தாமல் சிறு வட்டங்களாக ஓட்ட வேண்டும். ஓர் இடத்துக்கு 2, 3 சுற்று போதும். மடியில் வைத்து ஓட்டினால் துணி மடியும். மடிப்பில் ஓட்டை விழும். அழுத்தினாலும் அப்படித்தான், துணியே வலைத்தகட்டின் துளைக்குள் புகுந்து பிளேடில் சிக்கும். தகட்டுக்கும் துணிக்கும் இடையே உயரம் கூட்டும் வளையம் இருந்தால் மாட்டிக்கொண்டே தொடங்குங்கள். தையல், பொத்தான், ஜிப் பக்கம் போகாதீர்கள். துருத்தும் நூலை முதலில் ஊசியால் உட்புறம் இழுத்துவிடுங்கள். டவல், லேஸ், மொஹேர் (அங்கோரா ஆட்டு ரோமத் துணி) பக்கமே வேண்டாம்.

நாள்பட்ட கருவியில் துணி கிழிய முக்கியக் காரணம் பிளேடின் வேகம் குறைவது. மெதுவாகச் சுற்றும் பிளேடு வெட்டாது, நூலைப் பிடித்து இழுக்கும். பென்சில் செல்லின் சக்தி குறைந்திருக்கலாம். பிளேடின் அச்சில் இழை சுற்றியிருக்கலாம். பிசிறுப் பெட்டி நிரம்பினால் உறிஞ்சலும் குறையும். ஒவ்வொரு ஸ்வெட்டருக்குப் பிறகும் ஸ்விட்சை அணைத்து, பெட்டியைக் காலி செய்து, தகட்டைக் கழற்றி பிரஷ்ஷால் தட்டுங்கள். அச்சில் சுற்றியதை இடுக்கியால் எடுங்கள். உலோகம் உரசும் சத்தம் வந்தால் தகடு நசுங்கியிருக்கும், மாற்றியே ஆக வேண்டும். அதனால் மாற்றுப் பிளேடும் தகடும் தனியாகக் கிடைக்காத மாடலை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பென்சில் செல் மாடலைவிட நேராக மின்சாரத்தில் ஓடுவது மேல். வேகம் சீராக இருக்கும்.

ஒவ்வொரு முறை வழிக்கும்போதும் துணியில் கொஞ்சம் இழை போகிறது. முழங்கைப் பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மற்ற இடத்தைவிட அதிகம் ஊடுருவித் தெரிந்தால் அங்கே ஓட்ட வேண்டாம். அடுத்த சலவையிலிருந்து உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மென்சுழற்சியில் போடுங்கள். செல்லுலேஸ் என்சைம் உள்ள சோப்புத்தூள் பருத்தியின் பிசிறைக் குறைக்கும், பாலியெஸ்டரில் அதற்கு வேலையில்லை.