துணிமேல் வட்டம், தறிக்குள் சதுரம்: சோனியா டெலோனேயும் அன்னி ஆல்பர்ஸும்

ஓவியர் சோனியா டெலோனே, நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸ்: இருவரும் வடிவியலை நம்பியவர்கள். இருவருக்கும் துணியே களம். ஆனால் துணியிடம் அவர்கள் கேட்டவை வேறு வேறு.

சோனியா 1911இல் தன் கைக்குழந்தைக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்தார். உக்ரைன் விவசாயிகளின் வீடுகளில் பார்த்த போர்வைகளின் நினைவில் பிறந்தது அது. அந்தத் துண்டுகளின் அடுக்கே அவரை உருவங்களைக் காட்டாத அரூப ஓவியத்துக்கு இட்டுச்சென்றது. 1914இல் மின்விளக்கின் ஒளியை வண்ண வட்டங்களாகத் தீட்டினார். 1920களில் அதே வடிவங்கள் அச்சுத்துணிகளாயின, ஆடைகளாயின. போர்வையில் தொடங்கினாலும், அதன்பின் அவருடைய வடிவியல் முதலில் தாளில் பிறக்கும். துணி அதைப் பிறகு ஏந்திக்கொள்ளும்.

அன்னிக்குத் தாள் முதலிடம் அல்ல. 1922இல் ஜெர்மனியின் கலை, வடிவமைப்புப் பள்ளியான பௌஹவுஸில் சேர்ந்த அவர், நெசவுக்கூடத்துக்கு விரும்பிப் போகவில்லை. போனபின் தறி அவரைப் பிடித்துக்கொண்டது. பாவு இழை நெடுக்கே, ஊடை இழை குறுக்கே. செங்கோணம் அங்கே ஓவியரின் தேர்வு அல்ல, தறியின் இயல்பு. வட்டம் நெய்தால் அதன் விளிம்பு படிக்கட்டாகிவிடும். அன்னி அந்த எல்லையோடு மல்லுக்கட்டவில்லை, அதற்குள்ளேயே சிந்தித்தார். ஜெர்மனியின் பெர்னாவிலிருந்த தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கச் சுவருக்காக அவர் நெய்த துணி, ஒரு பக்கம் செலோஃபேன் என்ற பளபளக்கும் கண்ணாடித்தாளால் ஒளியைத் திருப்பியது. மறுபக்கம் ஒலியை உறிஞ்சியது. 1930இல் அவருக்குப் பட்டயம் பெற்றுத்தந்த வேலை அது.

நிறத்தில் என் வாக்கு சோனியாவுக்குத்தான். பச்சையருகே சிவப்பை வைத்து இரண்டையும் அதிரவைக்கும் துணிச்சல் அவருடையது. அந்த நிற உத்திக்குப் பின்னாலும் நெசவு இழைதான் இருக்கிறது. அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் என்று 1839இல் எழுதிய வேதியியலாளர் செவ்ரோல், பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவர். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

ஆழத்தில் நான் அன்னியின் பக்கம். நியூயார்க் யூத அருங்காட்சியகத்துக்காக 1960களில் அவர் நெய்த 'ஆறு பிரார்த்தனைகள்', நாஜிகளால் கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களுக்கான நினைவுச்சின்னம். கறுப்பு, வெள்ளை, பழுப்பு, இடையே வெள்ளி இழை. உருவம் எதுவும் இல்லை. ஆனாலும் அலைந்து திரும்பும் அந்த நூல், படிக்க முடியாத கையெழுத்தைப் போல நெஞ்சை அழுத்துகிறது.

புத்தகத்தில் அச்சான படத்திலும் சோனியாவின் வட்டங்கள் பெரிதாக எதையும் இழப்பதில்லை. அன்னியின் துணியோ பாதியை இழந்துவிடும்: நூலின் தடிமன், முறுக்கு, மினுக்கம். ஒருவருடைய படைப்பை மட்டுமே நேரில் பார்க்க முடியும் என்றால் அன்னியிடம் போங்கள், இழைகள் தனித்தனியாகத் தெரியும் தொலைவில் நில்லுங்கள்.