கேம் ஆஃப் லாகிங் பயிற்சி: அடிக்கட்டைக்கு மதிப்பெண் போடும் வகுப்பு

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், அதாவது மெய்ன், வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம், செயின்சா வேலையை முறையாகக் கற்க எங்கே போவது என்று விசாரித்தால் முதலில் காதில் விழும் பெயர் கேம் ஆஃப் லாகிங். ஸ்வீடன்காரரான சோரன் எரிக்சன் தன் நாட்டுக் காட்டுவேலை முறைகளை அமெரிக்க மரங்களுக்கு ஏற்ப மாற்றி உருவாக்கிய பயிற்சி இது. மொத்தம் நான்கு நிலைகள், ஒவ்வொன்றும் ஒரு முழு நாள். காலையில் கொஞ்சம் பேச்சு, அதன் பிறகு காடுதான். ஊர் ஊராகத் தனித்தனிப் பயிற்றுநர்கள் நடத்துவதால் கட்டணமும் தேதியும் இடத்துக்கு இடம் மாறும்.

மரம் வெட்டும் தொழிலில் யார் உண்மையான தொழில்காரர் என்ற சண்டை எப்போதும் உண்டு. அப்பா, தாத்தா காலத்திலிருந்து காட்டில் இருப்பவர்கள், நேற்று மிஷின் வாங்கியவரை மதிப்பதில்லை. கையால் மரம் சாய்ப்பவர்கள், ஹார்வெஸ்டர் கேபினில் உட்கார்ந்து வெட்டுபவரைத் தங்களில் ஒருவராக ஏற்கத் தயங்குவார்கள். மேற்குக் கரையில் அலுமினியத் தொப்பியும், கோடுபோட்ட சட்டையும், ஓரம் கத்தரித்த கால்சட்டையும், ஆணி வைத்த பூட்ஸும் போட்டவர்தான் மரவெட்டி. ஆரஞ்சு ஹெல்மெட்டும் தொடைக் கவசமும் போட்டு வந்தால் புதுசு என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த உடைகளுக்கும் காரணம் இருக்கிறது. கால்சட்டை ஓரம் மடிப்பில்லாமல் இருந்தால் குச்சியில் மாட்டினாலும் கிழிந்து காலை விட்டுவிடும். பட்டை உரிந்த வழுக்கலான கட்டை மேல் ஆணி பூட்ஸ் இல்லாமல் நடக்க முடியாது. ஆனால் மரம் சாய்க்கத் தெரிகிறதா என்பதற்கு உடை சாட்சி சொல்லாது.

அதற்கு அடிக்கட்டை சாட்சி சொல்லும். இந்தப் பயிற்சி எனக்குப் பிடித்திருப்பதற்கு முதல் காரணமே அதுதான். மரம் விழ வேண்டிய இடத்தில் ஒரு குச்சியை நட்டு விடுவார்கள். வெட்டுவதற்கு முன்பே திட்டத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மரம் விழுந்ததும் பயிற்றுநர் டேப்பை எடுத்துக்கொண்டு அடிக்கட்டையிடம் போவார்: வாய்வெட்டின் (விழும் பக்கத்தில் ஆப்பு வடிவில் எடுக்கும் வெட்டு) கோணம் எவ்வளவு, அதன் மேல்வெட்டும் கீழ்வெட்டும் சரியாகச் சந்தித்ததா, கீல் (வாய்வெட்டுக்கும் பின்னாலிருந்து வரும் வெட்டுக்கும் நடுவே அறுக்காமல் விடும், மரத்தைப் பிடித்துத் திசை காட்டும் பகுதி) இரண்டு பக்கமும் ஒரே தடிமனா, குச்சியிலிருந்து மரம் எவ்வளவு விலகி விழுந்தது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண். முப்பது வருடம் காட்டில் இருந்தவருக்கும், பத்து ஏக்கர் காடு வாங்கிய பள்ளி ஆசிரியருக்கும் அதே தாள்தான்.

விளையாட்டுக் காரியமில்லை இது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்குப்படி ஒரு லட்சம் முழுநேர மரவெட்டிகளில் 98.9 பேர் வேலையில் இறந்தார்கள். எல்லாத் தொழில்களையும் சேர்த்தால் அந்த எண் 3.5தான்.

முதல் நிலையில் ஐந்து படித் திட்டத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஒன்று, ஆபத்து: மேலே பட்டுப்போன கிளை, பக்கத்து மரத்தில் சிக்கிய கொடி, சுற்றிலும் காய்ந்து நிற்கும் மரங்கள். இரண்டு, சாய்வு: முன்னா பின்னா, இடமா வலமா, எத்தனை அடி. மூன்று, தப்பும் வழி: விழும் திசைக்கு எதிர்ப்பக்கம் 45 டிகிரியில், முன்கூட்டியே சுத்தம் செய்த பாதை. நான்கு, கீல். ஐந்து, பின்வெட்டு. மரம் அடிக்கட்டையை விட்டுக் கிளம்பிய முதல் 15 விநாடிக்குள், கட்டையிலிருந்து 5 அடிக்குள்தான் விபத்துகளில் 90 சதவீதம் நடக்கிறது என்று பாடத்தில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதனால்தான் வெட்டி முடித்ததும் நின்று வேடிக்கை பார்த்தால் மதிப்பெண் போய்விடும்.

கீலைப் பற்றிய பாடம் இந்தப் பயிற்சியின் உயிர். மார்பு உயரத்தில் மரத்தின் விட்டத்தை அளக்க வேண்டும். கீலின் நீளம் அதில் 80 சதவீதம், தடிமன் 10 சதவீதம். 50 செ.மீ. மரம் என்றால் கீல் 40 செ.மீ. நீளம், 5 செ.மீ. தடிமன். வாய்வெட்டை 70 டிகிரிக்குக் குறையாமல் திறந்து வெட்டச் சொல்கிறார்கள். பழைய முறையில் 45 டிகிரிதான் திறப்பார்கள். மரம் பாதி சாய்வதற்குள் அந்த வாய் மூடிக்கொள்ளும், கீல் அங்கேயே முறிந்துவிடும், மீதிப் பாதி தூரம் மரத்துக்குக் கடிவாளமே இருக்காது. நன்றாகத் திறந்த வாயில், மரம் ஏறக்குறைய தரையைத் தொடும்வரை கீல் பிடித்துக்கொண்டே போகும்.

இங்கே புதியவர் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றே: மேல்வெட்டும் கீழ்வெட்டும் சந்திக்கும் கோட்டைத் தாண்டி ஒன்று உள்ளே போய்விடுவது. அந்த ஒரு செயின் அகல இடைவெளி போதும். மரம் சாயத் தொடங்கியதும் முதலில் அது மூடும், கீலின் நார் அங்கே கிழியும், திசை திரும்பும். தாண்டிவிட்டால் மறுபடி வெட்டிச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். பார்த்தும் விட்டுவிடும் பயிற்றுநர் என்றால் அவரிடம் போக வேண்டாம்.

அடுத்தது துளைவெட்டு. தொழில்காரர்கள் இந்தப் பயிற்சியோடு மல்லுக்கு நிற்பது இந்த இடத்தில்தான். பின்னாலிருந்து அறுத்துக்கொண்டு வராமல், பாரின் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) மூக்கை மரத்தின் பக்கவாட்டில் நுழைத்து, கீலுக்குப் பின்னால் மறுபக்கம்வரை குத்திவிடுவது. மூக்கின் மேல்பாதி மரத்தில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அதனால் முழு திராட்டிலில், மூக்கின் கீழ்ப்பாதியை முதலில் பதித்து, ஒரு பள்ளம் விழுந்த பிறகே நேராகத் திருப்பி உள்ளே தள்ள வேண்டும். முதலில் கீலுக்குக் கொஞ்சம் தள்ளியே நுழைந்து, பிறகு முன்னால் வந்து கீலைக் குறித்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பின் பின்னோக்கி அறுத்துக்கொண்டு போய், மரத்தின் முதுகில் அறுக்காத மரத்தை மட்டும் ஒரு பட்டை போல விட்டுவிட வேண்டும். இப்போது மரம் நிற்கிறது, கீல் முடிந்துவிட்டது, அவசரம் இல்லை. ஆப்பு அடிக்க வேண்டுமானால் அடிக்கலாம், மேலே பார்க்கலாம், தப்பும் வழியை இன்னொரு முறை பார்க்கலாம். பிறகு வெளியிலிருந்து, சற்றுக் கீழே, அந்தப் பட்டையை வெட்டிவிட்டு விலகிப் போவது. பார் நீளம் போதாவிட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் குத்த வேண்டும். 15 செ.மீ.க்கும் குறைந்த மரத்தில் இதற்கு இடமில்லை.

முன்பக்கம் சாய்ந்த ஆஷ், செந்நிற ஓக் போன்ற மரங்களில் இதன் அருமை தெரியும். அவற்றைப் பின்னாலிருந்து அறுத்தால் கீல் மெலிவதற்கு முன்பே எடை இழுக்கும், தண்டு நெடுக்குவாட்டில் பிளந்து, பின்பாதி ஆள் உயரத்துக்கு மேல் எகிறி அடிக்கும். நீலகிரியில் யூக்கலிப்டஸ் வெட்டுகிறவர்களுக்கும் இந்தப் பிளவு புதிதல்ல. துளைவெட்டில் இழுவிசை முழுவதையும் முதுகுப்பட்டை தாங்கிக்கொள்வதால் பிளவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொரு லாபம், துளைக்கும்போது வரும் தூளின் நிறம். அது கறுத்து வந்தால் உள்ளே அழுகல், கீலை நம்பக்கூடாது.

பழைய ஆட்களின் எதிர்ப்பை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். நேரான, சின்ன ஸ்ப்ரூஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒவ்வொன்றையும் குத்தி வெட்டுவது நேர விரயம் என்கிறார்கள், நியாயம்தான். மேற்குக் கரையில் நிலைமை வேறு. அங்கே டக்ளஸ் ஃபர் போன்ற பெருமரங்களுக்கு ஹம்போல்ட் வெட்டுதான் வழக்கம்: சரிவான வெட்டைக் கீழே அடிக்கட்டையில் எடுப்பார்கள், அதனால் விலை போகும் அடிமரத்தின் முனை சதுரமாக நிற்கும், மலைச்சரிவில் மரமும் கட்டையிலிருந்து வழுக்கி இறங்கும். திறந்த வாயை மேல்பக்கம் எடுத்தால் அந்த அடிமரத்தில்தான் ஆப்பு வடிவத்தில் மரம் போய்விடும். வடகிழக்குக் கடின மரங்களுக்கு அமைந்த பாடத்தை அங்கே கொண்டுபோய் இதுதான் சரி என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் மேற்கில் அப்படிச் செய்வதில்லை என்பதை வைத்துக்கொண்டு மெய்ன் ஓக் காட்டில் துளைவெட்டுக்கு எதிராகப் பேசுவது வீண் பெருமை.

இரண்டாம் நிலை மிஷின் பராமரிப்பும் கிளை கழிப்பும். பலர் இதை அலட்சியமாக நினைத்துத் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். என் கணக்கில் பணத்துக்கு அதிக மதிப்பு இதில்தான். .325 பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) செயினுக்கு 4.8 மி.மீ. அரம், 3/8க்கு செயினைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ., பொதுவாக 30 டிகிரி கோணம், ரேக்கர் (ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இருந்து வெட்டின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் முனை) இறக்கம் 0.65 மி.மீ. தூள் மாவாக வந்தால் செயின் மழுங்கிவிட்டது. சீவலாக வந்தால் சரி. வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால் ஒருபக்கப் பற்கள் குட்டையாகிவிட்டன என்று அர்த்தம். மழுங்கிய செயினால் துளைவெட்டு போடவே முடியாது, எனவே இந்தப் பாடத்தை ஏன் முதல் நாளிலேயே வைக்கவில்லை என்பது எனக்கு ஒரு குறை.

அதே நாளில் வளைந்து விறைத்து நிற்கும் இளமரத்தை எங்கே வெட்டுவது என்று சொல்லித் தருகிறார்கள். வேறு எங்கும் இவ்வளவு தெளிவாக வருவதில்லை. வேரிலிருந்து நேர் மேலே ஒரு கோடு, வளைவின் உச்சியைத் தொட்டுப் படுக்கையாக ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் மூலையிலிருந்து 45 டிகிரியில் இறங்கினால் இளமரத்தைத் தொடும் இடம்தான் அழுத்தம் கூடிய இடம். அங்கே வளைவின் உள்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். விறைப்பு மெதுவாக இறங்கும். வெளிப்பக்கம் வெட்டினால் தாடையில் அடிக்கும்.

மூன்றாம் நிலையில் கடினமான மரங்கள். பின்பக்கம் சாய்ந்த மரத்துக்கு ஆப்புக் கணக்கை இங்கே பழக்குகிறார்கள்: மரத்தின் உயரத்தை, கீலுக்கும் ஆப்புக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 20 மீட்டர் மரம், 40 செ.மீ. தூரம் என்றால் 50. ஆப்பு 2.5 செ.மீ. தூக்கினால் உச்சி 125 செ.மீ. நகரும். உச்சி அதைவிடப் பின்னால் சாய்ந்திருந்தால் ஒரு ஆப்பு போதாது. கண்மதிப்பில் அடித்துக்கொண்டே இருப்பவர்கள் இதைப் பார்த்ததும் அமைதியாகிவிடுகிறார்கள்.

ஆனால் இந்தப் பாடத்தில் ஒரு எச்சரிக்கையை இன்னும் அழுத்திச் சொல்லலாம். மரகத ஆஷ் துளைப்பான் வண்டு 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து செத்து நிற்கும் ஆஷ் மரங்கள் எங்கும் பெருகிவிட்டன. காய்ந்த ஆஷின் நார் வளையாது, பட்டென்று முறியும். 10 சதவீதக் கீல் கணக்கு பச்சை மரத்துக்கானது. ஆப்பை ஓங்கி அடித்தால் அந்த அதிர்விலேயே மேலிருந்து கிளை தலையில் இறங்கும். இதற்குக் கயிறும் வின்ச்சும் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) வேண்டும், அல்லது இயந்திரம் வேண்டும். பயிற்றுநரிடம் பதிவு செய்யும்போதே செத்த ஆஷ் பற்றிப் பேசுவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் நிலை வேகமும் உற்பத்தியும், இன்னும் நுணுக்கமான கிளை கழிப்பும். தினமும் வெட்டிக் கூலி வாங்குபவருக்குத்தான் பயன்.

சான்றிதழைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். இது உரிமம் அல்ல. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சான்று பெறாதவரைக் காட்டில் மரம் சாய்க்கும் வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு தேசிய உரிமம் கிடையாது. 1910.266 என்ற மத்திய அரசு விதி, தொழிலாளிக்குப் பயிற்சி தரும் பொறுப்பை முதலாளி மேல் வைக்கிறது. மெய்னில் 1991இல் தொடங்கிய சான்றளிக்கப்பட்ட மரவெட்டித் திட்டம் தனி. விபத்துக் காப்பீட்டுக் கட்டணம் குறையும் வாய்ப்பு அதில் இருப்பதால் அங்கே தொழிலுக்குப் போகிறவர் அதைத்தான் தேட வேண்டும். இந்த நான்கு நாள் தாளைக் காட்டி யாரும் வேலை தரமாட்டார்கள். ஒரு நாள் கூட்டிப் போய் வெட்டிப் பார்க்கச் சொல்வார்கள், கட்டையைப் பார்ப்பார்கள். அந்தப் பரீட்சையில் இந்தப் பயிற்சி எடுத்தவர்கள் நன்றாகவே தேறுவார்கள்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். முதல் நிலையில் ஒருவருக்கு ஒரு மரம்தான். மற்ற நேரம் அடுத்தவர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்ப்பதிலும் பாடம் உண்டு, திட்டத்தைக் கேட்டுக் கேட்டு மனதில் பதியும். ஆனாலும் துளைவெட்டு ஒரு மரத்தில் கைக்கு வராது. முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவே சில வாரம் விட்டு, தரையில் கிடக்கும் கட்டையிலும், உயரமாக விட்ட அடிக்கட்டையிலும் துளைத்துப் பழகுங்கள். பார் மட்டமாக இல்லாமல் நுழைந்தால் கீல் ஒரு பக்கம் தடித்துவிடும், மரம் தடித்த பக்கம் இழுக்கும். இதை நிற்காத மரத்தில் பழகுவது நல்லது.

50 முதல் 60 சிசி மிஷின், 16 அல்லது 18 அங்குல பார் போதும். செயின் பிரேக் வேலை செய்ய வேண்டும். காதுமூடியும் முகவலையும் சேர்ந்த ஹெல்மெட், தொடைக் கவசம், வெட்டுத் தாங்கும் பூட்ஸ், இரண்டு பிளாஸ்டிக் ஆப்பு, 50க்கு 1 என்ற அளவில் எண்ணெய் கலந்த பெட்ரோல். இரும்பு ஆப்பு கொண்டுபோக வேண்டாம். செயின் அதில் பட்டால் பற்கள் மொத்தமும் போகும், அந்த நாளும் போகும்.