தும்பறைப் பாயும் தேயிலைப் பெட்டிப் பலகையும்: மலையகத்துக்கு எது பொருந்தும்?

மலையகத்தில் ஒரு வாசிகசாலையையோ, சிறு விருந்தினர் விடுதியையோ, ஓவியக் கூடத்தையோ அமைக்க முற்படுபவர்களுக்கு இன்று இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. கண்டி, மாத்தளைக் கிராமங்களில் தலைமுறைகளாகத் தொடரும் கைவினைப் பொருட்களை வாங்குவது ஒரு வழி. தேயிலைப் பெட்டி, கூரைத் தகரம், பழைய மரச்சட்டம், பிடுங்கிய தேயிலை வேர் எனத் தோட்டங்களில் கழிக்கப்படுவனவற்றை எடுத்து மறுபடி பயன்படுத்துவது மற்றையது. இரண்டுக்குமே நிலைபேறான வடிவமைப்பு என்ற ஒரே பெயர் சூட்டப்படுகிறது. பொருள் எங்கிருந்து வருகிறது, மலைப்பனியையும் மழையையும் எவ்வளவு காலம் தாங்குகிறது, கூலி யாருடைய கைக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்கத் தொடங்கினால், இவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது விளங்கும்.

கைவினைப் பக்கத்தில் முதலில் பேச வேண்டியது தும்பறைப் பாய். கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கில் உள்ள ஹேனவலை போன்ற கிராமங்களில் நெய்யப்படும் இந்தப் பாயின் கைத்திறன், 2021 இல் யுனெஸ்கோவின் மானுட அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கண்டி அரசர்களுக்காக நெய்த கின்னரர் சமூகத்தின் தொழில் இது. அரண்மனைக்குப் பாய் கொடுத்த அந்தக் கைகளைச் சாதி அடுக்கின் அடியிலேயே வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே இதன் பெருமையைப் பேச வேண்டும். மருள், ஆனைக்கற்றாழை ஆகிய நார்ச்செடிகளின் மடலை மரக்கட்டையில் வைத்துச் சதை போகும்வரை சுரண்டி நாரைப் பிரிக்கிறார்கள். அதை அலசி, காய வைத்து, சாயம் ஏற்றி, தரையோடு ஒட்டிய தறியின் முன் அமர்ந்து, யானை, மான், பறவை, கொடி, நேர்க்கோட்டு வடிவங்கள் என்று ஒவ்வோர் இழையாக எடுத்து நெய்கிறார்கள். மரபுச் சாயங்களில் சிவப்பு பதிமுகக் கட்டையிலிருந்தும் மஞ்சள் மரமஞ்சளிலிருந்தும் எடுக்கப்படும். இப்போது இரசாயனச் சாயமும் தாராளமாகப் புழங்குகிறது. ஆகவே வாங்குபவர் எந்தச் சாயம் என்று கேட்டு வாங்குவது நல்லது.

சூழல் கணக்கில் இந்தப் பாய்க்கு நிகராகச் சொல்லக்கூடியது மலையகத்தில் குறைவு. மூலப்பொருள் வேலியோரத்தில் உரமும் பாய்ச்சலும் இல்லாமல் வளரும் செடி. வேலை முழுவதும் கையால் நடப்பது. பாய் கிழிந்து போனால் மண்ணோடு மக்கிவிடும். இதன் பலவீனம் ஈரம். நுவரெலியா, கந்தப்பளை போன்ற இடங்களில் வெயில் படாத சுவரோடு ஒட்ட மாட்டினால் நாரில் பூஞ்சணம் பிடிக்கும். சுவருக்கும் பாய்க்கும் இடையில் காற்றுப் போக இடைவெளி விட்டு, ஒரு மரச்சட்டத்தில் தொங்கவிட்டால் இதைத் தடுக்கலாம். விலை அதிகம் என்பதை நான் குறையாகக் கருதவில்லை. நார் பிரிப்பதிலிருந்து முடிச்சுப் போடுவது வரை செல்லும் நாட்களைக் கணக்கிட்டால், அந்த விலையில் பெரும்பகுதி கூலிதான் என்பது தெரியும்.

மாத்தளைக்கு அருகே ஹப்புவிதையில் செய்யப்படும் அரக்கு வேலையும் இதே வகையைச் சேர்ந்தது. சூடாக்கிய நிற அரக்கை நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி மரத்தில் கோலம் பதிக்கிறார்கள். கைப்பிடி, பேழை, கம்பு போன்ற சிறு பொருட்களுக்கே இது ஏற்றது. ஓர் அறை முழுவதையும் இதனால் நிரப்ப முடியாது. கண்டியக் கைவினைகளை நேரில் ஆராய்ந்து 1908 இல் விரிவாக எழுதிய கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி, கண்டி அரசு வீழ்ந்து ஆதரவு அற்றுப்போனபின் கைவினைஞர்களின் வாழ்வு நலிந்ததைக் கவலையோடு பதிவு செய்தார். அந்தக் கவலைக்கான காரணம் இன்னும் தீர்ந்துவிடவில்லை.

மறுபயன்பாடும் மலையகத்துக்குப் புதிதல்ல. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது, பட்டுப்போன கோப்பி மரங்களின் அடித்தண்டுகள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகி, தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின. அந்த மரங்களை நட்டு வளர்த்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களுடைய பெயர் எந்த மேசையிலும் இல்லை.

இன்று அதிகம் தேடப்படுவது பழைய தேயிலைப் பெட்டி. ஒட்டுப்பலகைச் சுவர், விளிம்புகளில் ஆணியடித்த தகரப் பட்டை, உள்ளே உலோகத் தாள், வெளியே தோட்டத்தின் பெயரும் தேயிலைத் தரமும் அச்சிட்ட எழுத்து ஆகியவற்றால் அது கண்ணைக் கவர்கிறது. தாள் சாக்குகள் வந்தபின் தேயிலைத் தொழிலில் அதன் காலம் முடிந்துவிட்டது. எனவே கிடைப்பவை மேலும் மேலும் அரிதாகின்றன. புத்தக அடுக்காகவும் சுவர்ப் பலகையாகவும் நன்றாகவே பயன்படும். ஈரம் ஏறினால் ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகப் பிரியும் என்பதால் தரையில் வைக்கக் கூடாது. மிகப் பழைய பெட்டிகளின் உட்தாள் ஈயமாக இருக்கக்கூடும். குழந்தைகள் புழங்கும் இடத்துக்கு அதைக் கழற்றிய பிறகே கொண்டுவர வேண்டும்.

தேயிலை வேர் வேறு வகை. மீள்நடுகைக்காக முதிய தேயிலையைப் பிடுங்கும்போது, நூறாண்டு முறுக்கேறிய கட்டைகள் கிடைக்கின்றன. மிலாறு எனப்படும் தேயிலைச் சுள்ளிகள் விறகாக அடுப்புக்குப் போய்விடும். அடிக்கட்டையோ இரும்பு போன்ற உறுதியுடையது, மேசைக்கும் சிற்பத்துக்கும் உகந்தது. செம்வேர் நோய் பிடித்த மலையிலிருந்து (தேயிலை நிலத்துண்டிலிருந்து) எடுத்த வேரை மட்டும் வேறு தோட்டத்துக்குக் கொண்டு செல்லக் கூடாது. அதை அங்கேயே எரித்துவிட வேண்டும் என்பதுதான் தோட்டங்களின் நடைமுறை. அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடு பற்றிப் பேச்சே வேண்டாம்: அதை அறுப்பதும் துளையிடுவதும் நுரையீரலுக்குக் கேடு, எவ்வளவு பழமையாகவும் அழகாகவும் தோன்றினாலும்.

கூரைத் தகரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். துருப்பிடித்த நெளிதகரத்தை விடுதிச் சுவரில் பதித்து, அதைக் கழிவிலிருந்து பிறந்த கலை என்று அறிமுகப்படுத்துகிறார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே கழிவாகப் போன தகரம் என்று ஒன்று கிடையாது. கூரையிலிருந்து இறக்கிய தகரம் அன்றே குசினியின் பக்கச் சுவராகவும், கோழிக்கூட்டின் மறைப்பாகவும், மரக்கறித் தோட்டத்தின் வேலியாகவும் மாறிவிடுகிறது. உரச்சாக்கு படங்காகிறது, கிழிந்த சேலை தொட்டிலாகவும் பிறகு கால்மிதியாகவும் ஆகிறது. ஆகவே வெளியிலிருந்து வந்து ஒரு லொறித் தகரத்தை மலிவாக வாங்கிச் செல்பவர், பெரும்பாலும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மறுபயன்பாட்டைக் குலைத்து, அதை நகரத்து அறைக்கு இடம் மாற்றுகிறார். கொடுத்த குடும்பம் மறுநாள் புதிய தகரம் வாங்க வேண்டியிருந்தால், அதில் மிச்சமானது எதுவும் இல்லை.

கட்டடங்களிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. கந்தப்பளையில் 2,000 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் விடுதியானது. கொழுந்தை வாட்டும் மாடங்களின் விசிறிகளையும் பழைய இயந்திரத்தையும் அப்படியே காத்து, ஒரு பெரிய கட்டடம் இடிபடாமல் தப்பியது. 1925 இல் எழுந்த ஹந்தானைத் தொழிற்சாலை 2001 இல் தேயிலை அருங்காட்சியகமானது. பொருளைப் பாதுகாப்பதில் இரண்டும் சிறந்த வேலைகள் என்றே மதிப்பிடுவேன். அவற்றோடு ஒப்பிடுகையில் புசல்லாவைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் லயத்துக் காம்பராக்களில் 2007 இல் தொடங்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் மிக எளிமையானது. இருந்தும் மூன்றில் எனக்கு அதுவே மேலானது. மற்ற இரண்டில் இயந்திரங்கள் பத்திரமாக இருக்கின்றன. இங்கே கூடை, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி, சமையல் பாத்திரம், தப்புப் பறை என்று அவற்றைப் பிடித்த கைகளின் வாழ்க்கை, அவர்கள் வாழ்ந்த அதே வகை அறையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே எனது தேர்வு இப்படி அமையும். சுவரிலும் இருக்கையிலும் அழகுக்காக வருவதற்குத் தும்பறைப் பாயையே முதலில் எடுப்பேன். அங்கே கொடுக்கும் பணம் ஒரு தொழிலை இன்னொரு தலைமுறைக்குக் கொண்டுசெல்கிறது. மேசை, அடுக்கு, கதவு போன்றவற்றுக்குத் தேயிலை வேரும், இடிக்கப்பட்ட கட்டடங்களின் மரச்சட்டமும் போதும். புதிதாக மரம் தறிக்க வேண்டியதில்லை. தகரத்தைக் குடும்பங்களிடமிருந்து வாங்குவதில்லை. தோட்டத்தின் சொந்தக் கைத்திறனான மூங்கில் கூடை பின்னலை, கொழுந்து நைலோன் சாக்குக்கு மாறியபின் கைவிடப்பட்ட அந்தத் திறமையை, விளக்குக் கூடாகவும் கூரையின் உட்தட்டியாகவும் செய்து தரும்படி முதியவர்களிடமே கேட்க வேண்டும். பின்னத் தெரிந்தவர்கள் இன்னும் பல தோட்டங்களில் இருக்கிறார்கள். ஓவியக் கூடங்களுக்கும் இது பொருந்தும்: தேயிலைச் சாயத்தால் தாளில் வரையும் இளைஞர்கள் மலையகத்திலிருந்தே வருகிறார்கள், அவர்களது சாயத்துக்குத் தொழிற்சாலைக் கழிவுத் தூள் போதுமானது.

கட்டளை கொடுக்கும்போது பொருளின் விலையையும் வேலைக் கூலியையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்ல வேண்டும், முற்பணத்தில் கூலிப் பகுதியையே முதலில் கொடுக்க வேண்டும். பாயானால் நெய்தவரின் பெயரையும் ஊரையும், வேரானால் பிடுங்கிய மலையின் பெயரையும், அவர்கள் சம்மதித்தால், பொருளின் அருகிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கலாம்.