காது மடிந்த பூனைக்கு எட்டாயிரம் கூடக் கொடுத்தேன்

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் யாராவது ‘ஃபோல்டு இயர்’, அதாவது ஸ்காட்டிஷ் ஃபோல்டு என்கிற காது மடிந்த இனப் பூனைக்குட்டி பார்த்து வைத்திருந்தால், அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன வருடம் ஆடி மாதம். நான் தேடியது பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர். சத்துவாச்சாரி வீட்டில் அம்மா பகலெல்லாம் தனி, அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று. அந்த இனம் மடியில் ஏறி உட்காராது, தூக்கினால் பிடிக்காது, ஆனால் நாம் இருக்கிற அறையை விட்டு நகராது. குட்டையான அடர்த்தி முடி, வாரம் ஒருமுறை சீவினால் போதும். இதெல்லாம் உண்மைதான்.

காட்பாடியில் மொட்டை மாடியில் ஷெட் போட்டு வளர்த்து விற்கிற ஒருவர். (பெயரை எழுதவில்லை, கேட்காதீர்கள்.) சாம்பல் நிறத்தில் இரண்டு குட்டி காட்டினார். ஒன்றுக்குக் காது நேராக நின்றது. இன்னொன்றுக்கு முன்பக்கம் மடிந்து தலையோடு ஒட்டி, முகம் ஆந்தைக்குஞ்சு மாதிரி. “இது ரேர் சார். அப்பா, அம்மா ரெண்டுமே ஃபோல்டு. எட்டாயிரம் எக்ஸ்ட்ரா ஆவும்” என்றார். முப்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கி வந்தேன். ஆற்காட்டு மக்கன் பேடா போல உருண்டையாக இருந்ததால் பேடா என்றே பெயர்.

பேடா போலச் சாதுவான பூனையை யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். திரைச்சீலையில் ஏறாது, அலமாரிமேல் தாவாது, வைத்த இடத்தில் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போவார்கள். நானும் நல்ல பூனை வாங்கினோம் என்ற பெருமையில் திரிந்தேன்.

அம்மாவுக்குத்தான் முதலில் சந்தேகம். “இன்னாடா இது, மரப்பொம்ம மாறி ஒக்காந்துகினே கீது? குட்டின்னா ஓட வாணாமா?” விற்றவருக்குப் போன் போட்டேன். “பிரீடே அப்படித்தான் சார், லேசி” என்றார். நம்பினேன். மாசி வாக்கில் பேடா மணல் தட்டுக்குள் கால் வைக்காமல் அதன் ஓரத்திலேயே மூத்திரம் போக ஆரம்பித்தது. வாலைத் தொட்டால் உறுமியது. அந்தச் சமயம் மாமா வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை தவறாமல் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போகிறவர். பேடா நடப்பதை ஒரு நிமிஷம் பார்த்தார். “மாட்டப் புடிக்கறதுக்கு முன்ன நடக்க வுட்டுப் பாப்போம்டா. நீ மூஞ்சியப் பாத்து வாங்கினு வந்துகீறே.”

எக்ஸ்ரேயில் இரண்டு பின்னங்கால்களிலும் கணுக்கால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, சுற்றிலும் சுண்ணாம்புக் கட்டி போலப் புடைத்திருந்தன. வாலெலும்புகள் குட்டையாகி இறுகியிருந்தன. டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காதை மடிய வைக்கிற அதே மரபணுதான் உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. பிறக்கும்போது எல்லாக் குட்டிக்கும் காது நேராகத்தான் இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் மடிகிறது. அந்த மடிப்பே நோயின் முதல் அடையாளம். பெற்றோரில் ஒன்றுக்கு மட்டும் மடிந்திருந்தாலும் பிறக்கிற மடிகாதுக் குட்டிக்கு மூட்டில் பாதிப்பு உண்டு, இரண்டுக்குமே மடிந்திருந்தால் சில குட்டிகளுக்கு அது இரட்டைப் பங்காக வந்து சின்ன வயதிலேயே நொண்ட வைத்துவிடும். என்னிடம் பெருமையாகச் சொல்லி விற்றாரே, அதேதான். குணப்படுத்த மருந்து கிடையாது, வலியைக் குறைக்கலாம், அவ்வளவே.

நாங்கள் சாது என்று கொஞ்சியது வலி.

1961-ல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் சூசி என்ற வெள்ளைப் பூனையிலிருந்து கிளம்பியது இந்த மடிகாது இனம். பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பு 1970களிலேயே இதைப் பதிவதை நிறுத்திவிட்டது. நெதர்லாந்தில் இதை இனப்பெருக்கம் செய்யவே கூடாது என்று சட்டம். நம்மூரில் அதற்கு எக்ஸ்ட்ரா ரேட்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் காது நேராக நிற்கிற குட்டியாகப் பாருங்கள், தாயையும் தகப்பனையும் நேரில் பாருங்கள். தரையில் விட்டு நடக்க, தாவ வையுங்கள். வாலை அடியிலிருந்து நுனிவரை மெல்லத் தடவுங்கள், கயிறு மாதிரி வளைய வேண்டும். குச்சி மாதிரி விறைத்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ‘சர்டிஃபிகேட்’ என்று கலரில் ஒன்று கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார், அவரே அடித்தது. 2018 விதிப்படி செல்லப்பிராணிக் கடைக்கு மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். அந்த எண்ணைக் கேட்டதற்குச் சிரித்தார்.

இன்னொன்று, பாதி பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாமா என்று அம்மா கேட்டார். நல்லவேளை கொடுக்கவில்லை. மனிதருக்கான அந்த மாத்திரை பூனைக்கு விஷம், பாதியே உயிரை எடுத்துவிடும்.

இப்போது பேடாவுக்கு ஓரம் தாழ்ந்த தட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் பலகை வைத்துச் சரிவு, எடை ஏறாமல் அளவுச் சாப்பாடு, டாக்டர் எழுதிய வலி மருந்து.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “பணம் வராது சார். வேணும்னா அத்த குடுத்துட்டு வேற குட்டி எடுத்துக்குங்க” என்றார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“பிரீடிங்குக்கு வுட்டுடுவேன்.”

போனை வைத்துவிட்டேன். போன வாரம் அவர் ஸ்டேட்டஸில் ஒரு கூடை நிறையக் குட்டிகள், எல்லாவற்றுக்கும் காது மடிந்து. எக்ஸ்ட்ரா இப்போது பத்தாயிரமாம்.