'ஜேக்கப் கிளைன்' விதை என்று விற்றால் வாங்காதீர்கள்

பீபாம் என்று விற்கப்படும் மொனார்டா என்ற பூச்செடியின் விதையை இணையத்தில் வாங்க இருப்பவர்கள் கவனிக்கவும். சிவப்பாகப் பூக்கும் 'ஜேக்கப் கிளைன்' ரகம் என்று சொல்லி என்னிடம் ஒரு பொட்டலத்தைத் தள்ளிவிட்டார்கள். உறையில் சிவப்புப் பூவின் படம். கீழே, 'சாம்பல் நோய் அண்டாது' என்ற உறுதிமொழி வேறு.

முளைப்பில் குறை சொல்ல முடியாது. தூசு போன்ற விதையை மண்ணால் மூடாமல் மேலாகத் தூவினேன், நன்றாகவே வந்தது. முதல் ஆண்டு வெறும் இலைதான். இரண்டாம் கோடையில் பூத்தபோது குட்டு வெளிப்பட்டது. பேருக்குக்கூட ஒரு சிவப்புப் பூ இல்லை. எல்லாம் வெளிறிய இளம் ஊதா. போதாக்குறைக்குக் கீழ் இலைகளில் மாவு தூவியதுபோல வெண்படலம், அண்டாது என்ற அதே சாம்பல் நோய். விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டடி இடைவெளி விட்டு, இலை நனையாமல் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகள் அவை!

பூத்தது மொனார்டா ஃபிஸ்டுலோசா. வட அமெரிக்கப் புல்வெளிகளில் தானாக வளரும் காட்டினம். தேனீக்களுக்குப் பிடித்த நல்ல செடிதான். ஆனால் நான் பணம் கொடுத்தது அதற்கல்ல.

விற்றவர்களிடம் படம் அனுப்பிக் கேட்டால், 'உங்கள் மண்ணின் காரத்தன்மையால் நிறம் மாறியிருக்கும்' என்று பதில். மண்ணின் தன்மைக்கேற்பப் பூவின் நிறம் மாறும் ஹைட்ராஞ்சியாவின் கதையை இங்கே ஒட்டுகிறார்கள். மண்ணைப் பார்த்து மொனார்டா ஊதாவாகாது. விடாமல் கேட்டதும், திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். முடியாமல் என்ன செய்யும்? பூவைப் பார்க்கவே இரண்டாம் ஆண்டு ஆகிறதே. இந்த வியாபாரம் ஓடுவதே அந்த இடைவெளியில்தான்.

'ஜேக்கப் கிளைன்' போன்ற ரகங்களை வேர்த்தூரைப் பிரித்தோ தண்டுத் துண்டு நட்டோதான் பெருக்குகிறார்கள். விதையில் தாயின் குணம் அப்படியே வராது. 'பனோரமா' போல விதைக்கென்றே உருவாக்கப்பட்ட நிறக் கலவைகள் வேறு. அசல் நீலத்தில் மொனார்டாவே கிடையாது. அப்படிப் படம் போட்டிருந்தால் விலையைக்கூடப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

நாற்றாக வாங்குபவர்களும் ஏமாறலாம். லெமன் பாம் என்ற எலுமிச்சை மணமுள்ள மூலிகையை இதன் பெயரில் தந்துவிடுகிறார்கள். இரண்டும் புதினா குடும்பம், இரண்டுக்கும் சதுரத் தண்டு. இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை மணம் தூக்கலாக இருந்தால் அது நீங்கள் கேட்ட சிவப்பு மொனார்டா அல்ல. அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.