ஆரோக்ய சஞ்சீவனி: 5,000 ரூபா ரூமுக்குள்ள இருந்தா லாபந்தான்

பல்லடத்துல தறி ஓட்டறவங்க, திருப்பூர்ல ஜாப் ஒர்க் எடுக்கறவங்க, ஈரோட்டு மஞ்சள் வியாபாரிங்க, எல்லாருமே மெடிக்கல் பாலிசிக்குக் கைக்காசுதான் போடணும். ஆண்டு வருமானம் 1,20,000 தாண்டினா முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18% ஜிஎஸ்டி இல்ல. ஆனா வயசோட ஏறுற பிரீமியம் அந்த மிச்சத்தை ரெண்டே வருசத்துல முழுங்கிரும். பாலிசியையே விட்டுரலாம்னு இருக்கறவங்க, அதுக்கு முன்னாடி ஆரோக்ய சஞ்சீவனி மெடிக்கல் பாலிசியைப் பாத்துருங்க.

காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ, 2020 ஏப்ரல்ல கொண்டுவந்த பொதுப் பாலிசி இது. எந்தக் கம்பெனில எடுத்தாலும் ஷரத்து ஒண்ணுதான், விலை மட்டும் வேற வேற. "எங்களது ஸ்பெஷல்"னு ஏஜென்ட் சொன்னா சிரிச்சுட்டு விலையைக் கேளுங்க. நாடு முழுக்க ஒரே விலைங்கறது நமக்கு நட்டம்: கோபிக்காரரும் மும்பைக்காரரும் ஒரே பிரீமியம் கட்டணும். ஊருக்குத் தக்க விலை வெக்கிற மத்த பாலிசி சில சமயம் இதைவிடக் கம்மியாவே வரும். ரெண்டு விலையும் வாங்கிப் பாருங்க.

அடி விழறது ரூம் வாடகைல. காப்பீட்டுத் தொகைல 2%, அதுவும் நாளுக்கு 5,000 வரைக்குந்தான். 10 லட்சத்துக்கு எடுத்தாலும் அதே 5,000. நாளுக்கு 8,000 ரூம்ல அஞ்சு நாள் இருந்தா, 40,000க்கு 25,000 வரும். அதோட விடாது. சர்ஜன், ஆபரேஷன் தியேட்டர் சார்ஜ் 1,60,000னா அதையும் எட்டுக்கு அஞ்சுன்னு வெட்டி 1,00,000 ஆக்கிருவாங்க. மருந்து, டெஸ்ட் 60,000ல வெட்டு இல்ல. ஆக 1,85,000, அதுல ஷரத்துப்படி நாம போடவேண்டிய பங்கு 5% போக கைக்கு 1,75,750. மொத்த பில் 2,60,000ல 84,250 நம்ம தலைல. மத்த சார்ஜ் மாறாம 5,000 ரூம்ல இருந்திருந்தா 12,250தான். கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரில அட்மிஷன் போடறப்பவே ரூம் ரேட்டை எழுதி வாங்கிக்குங்க.

கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு உச்சபட்சம் 40,000. ஹெர்னியா, கண்புரைக்கு 24 மாசம் காத்திருக்கணும்.

பழைய பாலிசியை நிறுத்திட்டுப் புதுசா சேராதீங்க, போர்ட் பண்ணுங்க, அதாவது பாலிசியை விடாம புதுக் கம்பெனிக்கு மாத்திக்குங்க. அப்பத்தான் காத்திருந்த மாசமெல்லாம் பழைய காப்பீட்டுத் தொகை வரைக்கும் கணக்குல வரும். ரினீவல் தேதிக்கு 60 நாளுக்கு முன்னாடி போனா எடுக்க மாட்டாங்க, 45 நாளுக்குள்ள போனா லேட். புதுக் கம்பெனி வேண்டாம்னும் சொல்லலாம். சம்மதம் எழுத்துல வர்றவரைக்கும் பழசை விட்டுராதீங்க. சுகர், பிபி இருந்தா சொல்லிருங்க. மறைச்சா 60 மாசம் வரைக்கும் அதைச் சொல்லி கிளெய்மைத் தள்ள அவங்களுக்கு வழி இருக்கு.

5 லட்சம் காப்பீடு பத்தாதுன்னா, 5 லட்சம் டிடக்டிபிளோட, அதாவது பில் 5 லட்சத்தைத் தாண்டினப்புறம் மிச்சத்தைக் குடுக்கற, சூப்பர் டாப்-அப் பாலிசி சேத்துக்குங்க. வெறும் டாப்-அப் வேண்டாம். அது ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியா கணக்குப் பாக்கும், சூப்பர் டாப்-அப்தான் வருசத்து பில்லையெல்லாம் கூட்டிப் பாக்கும்.

வருசப் பிரீமியம் கட்டறவங்களுக்குத் தேதி தாண்டினா 30 நாள் அவகாசம் உண்டு. பாலிசி அறுந்து போகாது, ஆனா அந்த இடைவெளில ஆஸ்பத்திரிக்குப் போனா காசு வராது.